வாரண்டி கேட்ட கர்னல்

“ஏனுங்க மேடம், அவனுக்கு டிரிப்ஸ் ஏத்துனதே நானுங்க,” என்றாள் ஹரிதா. துப்பறியும் ஆபீசில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

சூலூர்க்காரி, நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் அவள் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தபோது, பக்கத்து நாட்டுப் படை அந்த ஊரைப் பிடித்தது. காயம்பட்டுக் கிடந்த போர்க்கைதிகள் பதினொரு பேரை அவள் கண்ணெதிரே சுடச் சொன்னவன் ஒரு கர்னல். போகிற போக்கில் ஆஸ்பத்திரியின் போர்வெல் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு போனான்.

“எங்க சூலூர்க் கம்பெனி மோட்டாருங்க அது. தண்ணியில்லாம இன்னும் நாலு பேரு போயிட்டாங்க.”

அதே ஆள் நேற்று, வயிற்றுப்போக்கு என்று கோயமுத்தூரில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். பெயர் மார்ட்டன், வியாபாரியாம். சூலூரில் பம்ப் வாங்க வந்தானாம். நாளைக் காலை விமானம்.

கிருபாசங்கருக்கு ரத்தம் கொதித்தது. வக்கீல் தொழிலை விட்டு, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கனகத்தின் துப்பறியும் ஆபீசுக்கு உதவியாளாக வந்தவன். கொதிப்பதில் மட்டும் அவன் குறை வைத்ததில்லை. கனகமோ நிதானமாக ஒரே கேள்வி கேட்டாள்.

“மோட்டார எடுத்த தேதி நாபகமிருக்குதுங்களா அம்மணி?”

“மார்ச்சு ஒம்பது. மறக்குமுங்களா?”

மதியம் மூவரும் சூலூர் பம்ப் கம்பெனியில், ஆர்டர் கொடுக்க வந்திருந்த மார்ட்டனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி இருந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை என்று மார்ட்டன் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். கனகம் கம்பெனி ஃபைலிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“புது மோட்டார் இருபது வாங்க வந்தவரு, எரிஞ்சுபோன பழசு ஒண்ணுக்கு வாரண்டியும் கேட்டிருக்கறாரு. நம்பரப் பாத்தா, அது அந்த ஆஸ்பத்திரிக்குப் போன மோட்டாரு.”

“செகண்ட் ஹேண்டா வாங்கியிருக்கலாமுங்களே?” என்றார் முதலாளி அரங்கசாமி. ஆர்டர் போய்விடுமே என்ற கவலை அவருக்கு.

“வேலை தெரியாதவங்க மோட்டார போர்வெல்லுல இருந்து வெளிய தூக்கியிருந்தா நீங்க வாரண்டி தர மாட்டீங்க. அதனால, தூக்கறப்ப முன்னால நின்னது யாருன்னு படிவத்துல கேக்கறீங்க. ‘நானே’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கறாரு. தேதி, ரெண்டு வருசம் முந்தின மார்ச்சு ஒம்பது. வாரண்டி அதே மாசம் பதினொண்ணாந் தேதியோட முடிஞ்சிருச்சு. அதுக்கு அப்பறம் வெளிய எடுத்ததுன்னு எழுதினா கிடைக்காதுன்னு உள்ளதையே எழுதிப்போட்டாரு.”

படிவத்தில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் மார்ட்டனின் சிரிப்பு நின்றது. கிருபாசங்கர் துள்ளி எழுந்தான்.

“ஜெனீவா ஒப்பந்தச் சட்டம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருசத்துதுங்க! போர்க்கைதியக் கொன்னவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும், எங்க செஞ்சிருந்தாலும் இங்க விசாரிக்கலாம். ஆயுள், இல்லீன்னா தூக்கு!”

“பதினேழாம் பிரிவையும் படிங்க சங்கர்,” என்றாள் கனகம்.

செல்போனில் தேடிப் படித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அரசாங்கமோ, அது நியமித்த அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் கோர்ட் வழக்கை ஏற்கும். கண்ணால் பார்த்தவள் கொடுத்தால் செல்லாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

அரசாங்கத் தரப்பில் ஒரு புகார் வாங்க ராத்திரி வரை அலைந்தார்கள். ஓர் ஆபீஸ் இன்னோர் ஆபீஸைக் கை காட்டியது. டெல்லிக்குப் போட்ட மெயிலுக்கு ‘பெறப்பட்டது’ என்று ஒற்றை வரி வந்தது.

காலையில் விமான நிலையத்தில், பெட்டியை உருட்டிக்கொண்டு மார்ட்டன் அவர்களைக் கடந்து உள்ளே போனான். கிருபாசங்கர் பல்லைக் கடித்தான். முப்பது வருட சர்வீஸில் நிதானம் தவறாத கனகத்துக்கும் கோபம் வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

“மேடம்,” என்றாள் ஹரிதா, “கவருமெண்டு எழுதிக் குடுக்கற வரைக்கும் அந்தப் பதினொரு பேரும் சாகவே இல்லீன்னு அர்த்தமுங்களா?”