ஐந்தாவது உருண்டை

கழிப்பறை எந்தப் பக்கம் என்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கிய கையோடு, அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, தொங்கிய பிளாஸ்டிக் திரையை விலக்கி, சுவர் என்றே தோன்றுகிற ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். ஈரக் கையை உதறியபடி திரும்பி வந்தவளைச் சின்னவள் உற்றுப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கியா?"

"நான் எங்கடி வந்தேன்? எல்லாக் கடையிலயும் அங்கதான இருக்கும்."

எல்லாக் கடையிலும் அங்கே இருக்காது. ஆனால் இன்றைக்குச் சண்டை போடுவதில்லை என்று சின்னவள் முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். புதன்கிழமை அவளுக்கு ரயில். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். மருந்துகளைச் சோதிக்கிற ஆய்வகம் ஒன்றில், ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்தால் போய்ச் சேருகிற ஊரில் வேலை கிடைத்திருந்தது. வேலைக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு மாதம் வீட்டில் ரகளை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற அண்ணனை யார் கூட்டிக்கொண்டு போவது, யார் பக்கத்தில் உட்காருவது, பெண்பிள்ளைக்கு எதற்கு அவ்வளவு தூரத்தில் வேலை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சுக்குப் பேச்சு பேசினாள்.

போன வாரம் திடீரென்று எல்லாம் அடங்கியது. அம்மாவே கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். "போயிட்டு வாடி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடலாம், நாமே மீன் பிடித்துக் கொடுத்தால் சமைத்துத் தருகிற கடை ஒன்று இருக்கிறதாம், காலையில் எதுவும் சாப்பிடாமல் பசியோடு வா என்றாள். தோற்றுவிட்டார்கள் என்று சின்னவள் நினைத்தாள். ஜெயித்தவள் பெருந்தன்மையாக இருக்க வேண்டாமா? இருந்தாள்.

அது ஒரு காலத்தில் கிடங்காக இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வகுப்பறை அளவுக்குச் சிமெண்டுத் தொட்டி, இடுப்பு உயரச் சுவர், சுற்றிலும் மேசைகள். தகரக் கூரையில் இடையிடையே பதித்திருந்த பச்சைத் தகடுகளின் வழியாக நடு மதிய வெயில் பாசி நிறத்தில் இறங்கி, எல்லோருடைய முகத்தையும் கன்றிப்போன காயம் மாதிரி காட்டியது. பொரிக்கிற எண்ணெய் வாசனை இருந்தது, மீன் கவிச்சி இருந்தது, அந்த இரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு உலர்த்தாமல் முடிந்து வைத்த கூந்தலின் புழுக்க வாடை. தண்ணீர் கறுப்பாக இருந்தது. அவ்வப்போது எங்கேயோ ஒரு வாய் மேலே வந்து, காற்றைக் கவ்வி, 'ப்ளக்' என்று மூடிக்கொண்டு போனது.

அப்பா தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அப்பா, இந்தப் பக்கம் வாங்க. மீன் தெரியும்."

"எனக்கு இங்கயே போதும்மா."

சுவரில் பெயிண்டில் எழுதியிருந்தது: பிடித்ததைத் திருப்பி விடக் கூடாது. பிடித்ததை இங்கேயே சாப்பிட வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது. முள்ளைத் தொட்டியில் போட வேண்டும்.

"நம்ம வீட்டுச் சட்டம் மாதிரியே இருக்கு" என்று சின்னவள் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவனுடைய கணுக்கால் வீங்கித் தளதளவென்று இருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு வயதானவரும் கணவன் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே சாப்பிட்டாள். மூக்கை உறிஞ்சக்கூட இல்லை, கண்ணீர் அது பாட்டுக்கு வழிய, ஒவ்வொரு முள்ளாக எடுத்து, நக்கிச் சுத்தம் செய்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். மேசையில் இருந்தது மூன்று தட்டு. தண்ணீர் டம்ளர் மட்டும் நான்கு. நான்காவது டம்ளர் விளிம்பு வரை நிறைந்து, தொடப்படாமல் இருந்தது.

கடைக்காரம்மா வந்தாள். ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை ஈரம். ஒரு தூண்டிலையும், மாவு உருண்டைகள் வைத்த கிண்ணத்தையும் மேசையில் வைத்தாள்.

"அஞ்சு உருண்டை. அஞ்சும் போச்சுன்னா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடணும். ஆறாவது கேக்கக் கூடாது. யாரு பிடிக்கப் போறது?"

அப்பா மேசையைப் பார்த்தார். அண்ணன் தன் காலைப் பார்த்தான். அம்மா கடைக்காரம்மாவையே பார்த்தாள்.

"இவளே பிடிக்கட்டு..." என்று அம்மா தொடங்க, கடைக்காரம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"அவங்களா சொல்லணும்."

"நான்தாங்க பிடிக்கிறேன்" என்றாள் சின்னவள். "இவங்க மூஞ்சியப் பாருங்க. கரப்பான் பூச்சி அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாங்க."

"வேணாம்னா விட்டுடும்மா" என்றார் அப்பா. மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், அவர் வாயை மூடிக்கொண்டார்.

"சரி" என்றாள் கடைக்காரம்மா. "நீங்களே சொல்லிட்டீங்க."

"அஞ்சு எதுக்கு, பட்டதாரிக்கு ஒண்ணே போதும்" என்றான் அண்ணன். கிண்டல்தான். சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான்.

சின்னவள் சுவரில் முழங்கையை ஊன்றி முதல் உருண்டையைத் தூண்டில் முள்ளில் குத்தித் தண்ணீரில் விட்டாள். தக்கை மெல்ல ஒரு முறை தலையாட்டியது. இழுத்தாள். வெறும் முள். இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதை விட்டபோது நன்றாகக் குனிந்து பார்த்தாள். அடியிலிருந்து ஒரு கெண்டை எழுந்து வந்தது. கறுத்த முதுகு, முழங்கை நீளம். அது இரையை விழுங்கவில்லை. முள்ளில் படாமல், உதட்டு நுனியால், விரலால் எடுப்பது போல மாவை மட்டும் கழற்றி எடுத்தது. எடுத்த பிறகும் போகவில்லை. இரண்டு சின்ன மீன்கள் பக்கத்தில் வந்தபோது வாலால் அடித்து விரட்டியது. பிறகு வெறும் முள்ளைத் தலையால் முட்டி முட்டி, சுவரை நோக்கி, அவளை நோக்கித் தள்ளியது.

அவளுக்குப் பெரியவள் ஞாபகம் வந்தது, அவளுடைய அக்கா. வரக் கூடாது என்று ஆறு வருடமாக அடைத்து வைத்திருந்த ஞாபகம்.

பெரியவள் இப்படித்தான். அம்மா அடுப்புப் பக்கம் திரும்புகிற நேரத்தில், தங்கை தட்டில் ஒதுக்கி வைத்த பாகற்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். தட்டு காலியானால்தான் எழுந்திருக்க முடியும் அந்த வீட்டில். தங்கை எறிந்த டப்பா மூடி பட்டு மேலுதட்டில் இடப்பக்கம் வெட்டு விழுந்தபோதும், தானே கீழே விழுந்ததாகச் சொன்னவள். அவள்தான் ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவனோடோ ஓடிப்போனாள். சின்னவள் அப்போது பள்ளி விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஈரல் செயலிழந்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் கைவிரித்திருந்த சமயம். அப்படிப்பட்ட நேரத்தில் ஓடினாளே என்று சின்னவள் அவளுடைய போட்டோவை எல்லாம் கிழித்தாள். மறுநாளே அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். மானம் போன அதிர்ச்சிதான் உசுப்பி விட்டது என்று அம்மா சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த பிறகும் அதை நம்பினாள்.

நான்காவது உருண்டையையும் அந்த மீன் எடுத்துக்கொண்டது.

"திருட்டு நாய்" என்றாள் சின்னவள். இப்போது அவளுக்கு உண்மையிலேயே கோபம். எதிலும் தோற்றுப் பழக்கமில்லை.

தோளுக்குப் பின்னால் அம்மாவின் மூச்சு.

"முள்ளை இப்படிக் குடு."

அம்மா ஐந்தாவது உருண்டையைக் கையில் எடுத்து அமுக்கிப் பிசைந்தாள். தன் தலையிலிருந்து நீளமான நரைமுடி ஒன்றைப் பிடுங்கினாள். மாவை முள்ளில் செருகி, முடியால் குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். விரல்கள் தயங்கவே இல்லை.

"இப்பப் போடு. இனிமே அவளால கழட்ட முடியாது."

"எவளால?"

"அதால. போடுடி சீக்கிரம். உங்கண்ணன் பசி தாங்க மாட்டான்."

போட்டாள்.

மீன் வந்தது. உதட்டு நுனியால் பிடித்து இழுத்தது. மாவு வரவில்லை. மறுபடியும் இழுத்தது. மறுபடியும். அவசர அவசரமாக, தலையை ஆட்டி ஆட்டி. முடி அறுந்துபோகவில்லை. முள் ஏறியது. தக்கை மூழ்கியது.

சின்னவள் இழுத்தாள்.

அது துள்ளவில்லை. துள்ளாத மீனை அவள் பார்த்ததில்லை. கனமாக, அமைதியாக மேலே வந்து, இமையில்லாத கண்ணால் அவளைப் பார்த்தது. மேலுதட்டில் இடப்பக்கம் ஒரு வெட்டு இருந்தது. முள் குத்திய காயம் இல்லை. பழையது. ஆறிப்போனது.

கடைக்காரம்மா கைவலையில் அள்ளிக்கொண்டு போனாள். போகும்போது அம்மா கையை நீட்டி அந்த மீனின் முதுகை ஒரே ஒரு முறை தடவினாள். தலையிலிருந்து வால் வரை. பிள்ளைக்குத் தலை வாரி முடித்ததும் தடவுவது போல.

"கை கழுவிட்டு வா" என்றாள் சின்னவளிடம். முகத்தைப் பார்க்கவில்லை.

குழாய் வாசல் பக்கம், செருப்பு அலமாரிக்கு எதிரில் இருந்தது. எவ்வளவு நேரம் தேய்த்தும் விரல்களில் வழவழப்பு போகவில்லை. நிமிர்ந்தாள். கீழ்த்தட்டுகளில் டோக்கன் மாட்டிய செருப்புகள். மேல்தட்டில் இருந்தவற்றுக்கு டோக்கன் இல்லை. தூசி படிந்து, வார் இறுகிச் சுருண்டு, ஜோடி ஜோடியாக. எல்லாம் சின்ன அளவு. எல்லாம் பெண்கள் செருப்பு.

நடுவில் ஒரு ஜோடி. பழுப்பு நிறம். இடது கால் வார் அறுந்து, பச்சை நூலால் தைத்திருந்தது. கோணல் மாணலாகப் பதினோரு தையல். எண்ண வேண்டியதில்லை. தைத்தது அவள்தான். விடுதிக்குக் கிளம்பிய அன்று, வாசலில் உட்கார்ந்து. கறுப்பு நூல் இல்லை என்று பெரியவளிடம் சொன்னாள். பரவாயில்லடி, யார் காலைப் பாக்கப் போறாங்க என்றாள் பெரியவள்.

ஓடிப்போகவில்லை.

இங்கே வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை. இவர்களோடு. தூண்டிலைப் பிடித்து. நான்தான் பிடிக்கிறேன் என்று சொல்லி.

மறுநாள் அப்பா காபி கேட்டார்.

கடைசி ஜோடியை இப்போதுதான் வைத்திருந்தார்கள். தூசி இல்லை. போன வாரம் கடையில் அம்மாவோடு பெட்டி வாங்கப் போனபோது வாங்கிய செருப்பு. அவளுடையது. ரப்பர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்காரம்மா அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணு வெளிய வந்தா ஒண்ணு உள்ள போகணும்மா" என்றாள், ரொம்பவும் பரிவாக. "நீங்களாத்தான சொன்னீங்க."

சின்னவள் ஓடினாள். தரை ஈரம். அவள் கால் ஈரம். முழங்கால் வரை ஈரம். மேசையில் மூன்று தட்டு. மூன்றுதான்.

அண்ணன் குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. அப்பா ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். அம்மா முள் எடுத்து, பிசைந்து, அண்ணன் வாயில் ஊட்டினாள்.

"அம்மா, அவ..." என்றான் அண்ணன்.

"சாப்பிடு."

அம்மா என்று சின்னவள் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. 'ப்ளக்'.

அம்மா தலையைத் தூக்கினாள். பார்த்தாள். சந்தேகமே இல்லை, பார்த்தாள். பெரியவளைப் பார்த்த அதே கண். பார்த்துவிட்டு, அடுத்த கவளத்தை அண்ணன் வாயில் வைத்தாள்.

பிறகு குளிர்.

காது நிறையத் தண்ணீர். பச்சை வெளிச்சம். உயரத்தில். வளைந்து. சுற்றிலும் வழுவழுப்பான உடம்புகள், உரசிக்கொண்டு, விலகி வழிவிட்டன. கையை நீட்டினாள். கை இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தொட்டிச் சுவருக்கு மேலே ஒரு நிழல் குனிந்தது. தட்டு சாய்ந்தது. முட்கள் ஒவ்வொன்றாக, சுத்தமாக நக்கியவை, சுழன்று சுழன்று இறங்கி வந்தன. கடைசியாகத் தாடையெலும்பு. கழற்றாத தூண்டில் முள் அதில் இன்னும் மாட்டியிருந்தது. முள்ளில் ஒரு நரைமுடி, நாலு சுற்று. முடிக்குள் இறுகிய மாவு, கொஞ்சம் மிச்சம்.

அது அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

மேலே மூன்று பேரின் காலடிச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. அதில் ஒன்று, வரும்போது வீங்கிய காலை இழுத்து இழுத்து வந்தது, இப்போது இழுக்காமல் போனது.

அவள் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. வாயைத் திறந்தாள்.