பத்துத் தடவை எழுந்து நிற்க வேண்டும்

மலேசியாவின் காஹாங்கில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டியவர் குணாளன் மாமா. இரண்டு மாதத்துக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பலமிழந்தன. பேச்சும் குழறியது. மாமா தனி ஆள். அதனால் அவருடைய தங்கை, லோஷினியின் அம்மா, அவரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

"நாற்காலியிலிருந்து தினமும் பத்துத் தடவை எழுந்து நிக்கணும். அப்பதான் காலுக்குப் பலம் வரும்," என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தவர் சொன்னார். அங்கே மாமா ஆறு தடவை எழுந்து காட்டினார். வீட்டிலோ ஒரு தடவைகூட எழவில்லை.

"எந்திரிங்கண்ணே!" என்பார் அம்மா.

"வேணாம்."

"ஒரே ஒரு தடவை லா!"

"வேணாம்!"

மாமா வேறு ஏதோ சொல்ல வாயெடுப்பார். சொல் வராது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"சோம்பேறித்தனம்," என்று அம்மா அப்பாவிடம் அலுத்துக்கொண்டார். "எத்தனை நாளைக்கு நான் தூக்கி விடுறது? குளுவாங்ல ஒரு முதியோர் இல்லம் இருக்காம். கேட்டுப் பாப்போமா?"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த லோஷினியின் கை நின்றுவிட்டது. மருத்துவமனையில் எழுந்தவர் இங்கே ஏன் எழவில்லை?

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மாமாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமாவைப் போலவே, வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலை மட்டும் ஊன்றி எழப் பார்த்தாள். வழவழப்பான தரையில் நாற்காலி பின்னால் சறுக்கியது.

தொப்!

"அலமாக்!" என்று கீழே விழுந்தபடி அலறினாள்.

கட்டிலில் இருந்த மாமா பதறிப்போனார். பிறகு நாற்காலியைக் காட்டி, "அதான்... அதான்!" என்று கட்டிலைத் தட்டினார்.

"இது வழுக்கி விட்டுடும்னு பயமா மாமா?"

மாமா வேகமாகத் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார். "ஏண்டி கீழ கிடக்குற?"

"மாமா சோம்பேறி இல்லம்மா. நாற்காலிதான் சரியில்ல."

அம்மா நாற்காலியை லேசாகத் தள்ளினார். அது சுவர்வரை ஓடியது. அவர் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இது எனக்குத் தெரியலியே அண்ணே," என்றார் மெதுவாக.

இருவரும் கூடத்திலிருந்த கனமான மர நாற்காலியை இழுத்து வந்து, சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். அம்மா மாமாவின் வலது பக்கம் நின்றுகொண்டார். மாமா முன்னால் குனிந்தார். பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் முயன்றார். கால் நடுங்கியது. ஆனால் நின்றார்.

"ஒண்ணு!" என்று கத்தினாள் லோஷினி.

அன்றைக்கு மூன்று. அடுத்த வாரம் ஆறு. மாதம் முடிவதற்குள் பத்து. முதியோர் இல்லத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவே இல்லை.

ஒரு காலை, அம்மா கோப்பியோடு அறைக்கு வந்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். தானாக எழுந்து, கைத்தடியை ஊன்றி, சமையலறை மேசைவரை மெல்ல நடந்தார். அம்மா கோப்பியும் கையுமாகப் பின்னாலேயே போனார்.

"டாக்டர் சொன்ன மாதிரி சீனி கம்மிதாண்ணே," என்றார் அம்மா.

மாமா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் எல்லோரோடும் உட்கார்ந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.