அம்மாவின் தமிழ் முகவரி

எனக்கு அன்றைக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் அம்மாவைத் திருட்டுக் கும்பல் என்று சொன்னால் யாருக்குத்தான் வராது?

அம்மா பெயர் அன்னக்கொடி. ஆனையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்து விற்கிறாள். ஆடி மாதம்தான் விற்பனை. அப்போது விற்காவிட்டால் நாற்று நெட்டையாக வளர்ந்து வீணாகிவிடும்.

இந்த வருடம் இணையத்தில் ஒரு பக்கம் வைத்தோம். பெரியம்மா மகன் செல்வக்குமார் அண்ணன் செய்து கொடுத்தான். முகவரி முழுக்கத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். தன் கடைப் பெயரைத் தன்னாலேயே படிக்க முடியாவிட்டால் அது என்ன கடை என்று கேட்டாள். ‘ஆனையூர்நாற்று.இந்தியா’ என்று வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் போனில் நகலெடுத்து, தெரு வாட்ஸப் குழுவில் அம்மா ஒட்டினாள். வினையே அங்கேதான். ஒட்டியதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எக்ஸ், என், இரண்டு கோடு, பிறகு கண்டபடி ஆங்கில எழுத்தும் எண்ணும். அம்மா அதைக் கவனிக்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

குழுவை நடத்துகிறவர் எதிர்வீட்டு வெங்கட்ரமணன் தாத்தா. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘இது திருட்டுக் கும்பலின் லிங்க், யாரும் தொடாதீர்கள், பணம் போய்விடும்’ என்று எழுதி, அம்மாவைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். நாற்று கேட்டிருந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். அம்மா நாற்றுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

செல்வக்குமார் அண்ணனுக்குப் போன் செய்து சண்டை போட்டேன். இணையம் தமிழ் எழுத்துகளை உள்ளுக்குள் அந்த மாதிரிதான் எழுதி வைத்துக்கொள்ளுமாம். நகலெடுத்தால் சில சமயம் அது அப்படியே வெளியே வந்துவிடுமாம். முகவரியைத் தமிழிலேயே கையால் தட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கம் சரியாகத் திறந்தது.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். ஆனால் கத்தினால் அவரும் கத்துவார், நாற்று விற்காது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“தாத்தா, நீங்க எந்த லிங்க்கையும் தொட வேணாம். நான் சொல்ற பேரை உங்க கையாலயே தட்டுங்க.”

தமிழில் முகவரியே கிடையாது என்று அவர் சாதித்தார். அவர் மனைவி விஜயம் பாட்டிதான், தட்டித்தான் பாருங்களேன் என்றார். தாத்தா தட்டினார். கத்தரி நாற்றோடு அம்மா சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது.

தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, தான் எழுதியதை அழித்துவிடுவதாக மெதுவாகச் சொன்னார்.

அடக்கி வைத்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது.

“அழிச்சா மட்டும் போதுமா தாத்தா? எங்கம்மாவைப் பத்தி அம்புட்டு பேருக்கும் தண்டோரா போட்டீங்கள்ல? இதையும் அம்புட்டு பேருக்கும் சொல்லுங்க.”

தாத்தா முகம் சிவந்தது. பாட்டி, “குழந்தை கேக்கறது நியாயம்தானே?” என்றார்.

தாத்தா வெகுநேரம் எழுதினார். தவறு தன்னுடையது என்றும், அன்னக்கொடியின் கடை நல்ல கடை என்றும், முகவரியைக் கையால் தட்டித் திறக்கலாம் என்றும் எழுதி, அம்மாவையும் திரும்பச் சேர்த்தார்.

மறுநாள் காலையில் எங்கள் மாடிப்படியில் ஒரே கூட்டம். முதலில் நின்றவர் தாத்தா. அம்மாவிடம் நேராக மன்னிப்புக் கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தயங்கித் தயங்கி, எந்த மிளகாய் நாற்று நன்றாகக் காய்க்கும் என்று கேட்டார்.

அம்மா சிரிக்காமல் சொன்னாள்:

“எல்லாம் நம்ம பக்கத்துல தமிழ்ல போட்டிருக்கேன் சார். தட்டிப் பாருங்க.”