முதல் குழி

சோதனைத் தட்டின் முதல் குழி லேசாக ஒளிர்ந்தது. ஒளிரவே கூடாத குழி அது.

அதில் இருந்தது அவளுடைய சொந்த ரத்தம். கருவியைச் சோதிக்கும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் ஒரு சொட்டு வேண்டும். அதற்காக ஊரெல்லாம் யாரைத் தேடுவது என்று முதல் நாளிலிருந்தே அவள்தான் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். "உனக்கு ஜலதோஷம்கூட வரக்கூடாதும்மா, நம்ம பொழப்பே உன் விரல் நுனியிலதான் இருக்கு" என்று மேலாளர் கிண்டலடிப்பார். இதுவரை அந்தக் குழி ஒருநாளும் ஒளிர்ந்ததில்லை.

கருவி அவள் கண்டுபிடித்தது. மூளையை அரிக்கும் அந்த நோயில் ரத்தத்தில் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டால் அவள் தயாரித்த திரவம் பச்சையாக ஒளிரும். அப்பாவைக் கொண்டுபோன நோய் அண்ணனையும் விடவில்லை. அண்ணன் முதலில் மறந்தது கதவைத் திறப்பதைத்தான். கைப்பிடியை விட்டுவிட்டுக் கீல் பக்கமாகப் போய் நின்று நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. தன் மகள் காதில் அது விழவே கூடாது என்றுதான் இத்தனை வருடம் இந்த அறையில் கிடந்தாள்.

"ஏதாவது கலந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். ஜன்னலில்லாத இந்த அறைக்குள் மட்டும் எப்போதும் இருட்டு. குளிர்பெட்டியின் உறுமல் சுவர் வழியாக முதுகில் ஏற, கையுறைக்குள் வியர்வை வழுக்க, ஸ்பிரிட் நெடியோடு துருப்பிடித்த இரும்பின் வாடை எங்கிருந்தோ கலந்து வர, புதுத் தட்டு, புது ஊசி, புதுச் சொட்டு என்று எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள்.

முதல் குழி மறுபடியும் ஒளிர்ந்தது.

ஓரடி பின்னால் போனாள். வெளிச்சம் மங்கியது. கிட்டே வந்தாள். கூடியது. மறுபடி விலகினாள். மங்கியது. குழியில் இருந்த ரத்தத்துக்கு அவளைத் தெரிந்திருந்தது.

பயத்தில் பின்னாலேயே போய் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குழி இருண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

நடைபாதையில் காலடிச் சத்தம். சின்னக் கால்கள். பள்ளி விட்டதும் மகள் நேரே இங்கேதான் வருவாள், தினமும்.

குழி ஒளிர்ந்தது.

அவள் அசையவில்லை. சுவரோடுதான் நின்றாள். காலடி நெருங்கியது. வெளிச்சம் ஏறியது. பக்கத்துக் குழியிலும் பச்சை. ரத்தமே விடாத குழி. அதற்கடுத்த குழியிலும்.

"அம்மா! கதவத் தொற!"

பூட்டவில்லை. தினமும் மகளேதான் திறந்துகொண்டு ஓடி வருவாள்.

"நீயே தொறந்துட்டு வாடா கண்ணு" என்றாள். "பூட்டலடா. தொற."

தட்டு முழுக்கப் பச்சை. அந்த வெளிச்சத்தில் தன் கையுறையின் மடிப்புகூடத் தெரிந்தது.

"எப்படிம்மா?"

அப்புறம் அந்தச் சத்தம். மெதுவாக. கீல் பக்கத்திலிருந்து. சின்னச் சின்ன நகங்கள்.