வெட்டிய மூச்சு

பேசத் தொடங்குவதற்கு முன் அந்தக் குரல் மூச்சு வாங்கியது.

சிந்து வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். கூடத்து மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. புதிய இணையதளம் சோதனை வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தது. ரயில் இரண்டாவது நடைமேடையில் நிற்கிறது. நாளை பள்ளிகளுக்கு விடுமுறை. ஜோகுபாளையத்துச் சனிக்கிழமை மதியத்தின் சத்தங்களெல்லாம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. கீழ்வீட்டுத் தையல் மெஷின், பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் அறுக்கும் ஓசை, யார் வீட்டிலோ குக்கர். அவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கத்தியை வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாள்.

மூச்சு. பிறகு, "மருந்தை உணவுக்குப் பின் சாப்பிடவும்."

அந்தக் குரல் மூச்சு வாங்காது. வாங்க முடியாது. மூச்சையெல்லாம் அவள்தான் தேடித் தேடி வெட்டியிருந்தாள்.

'செவிவழி' பார்வையற்றவர்களுக்காகச் சிலர் சேர்ந்து எழுதிய மென்பொருள். திரையில் இருக்கும் தமிழை வாசித்துச் சொல்லும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதன் குரல் லாயிடுடையது. ஜீவனஹள்ளிக்காரர், பள்ளியில் தமிழாசிரியர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பவர். ஒரு கோடை முழுவதும் தன் படுக்கையறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். சிந்து கம்பளிக்கு வெளியே ஹெட்போனோடு இருந்தாள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அவரால் சும்மா இருக்க முடியாது. நாற்காலியை இழுப்பார். தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். சமையலறையில் இருக்கும் மனைவிக்குக் குரல் கொடுப்பார்.

"மோ, டீ குடு. உன் புருஷன் வெந்துட்டான்."

"நல்லா வேகட்டும். சாம்பார்ல போட்டுக்கறேன்" என்பார் மௌரீன்.

அதையெல்லாம் சிந்து வெட்டினாள். சிரிப்பை, டீயை, நாற்காலியை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் இழுத்த மூச்சை. கணினிக்குக் கற்றுக்கொடுத்தது சுத்தமான வாக்கியங்களை மட்டும். வெட்டாத ஒலிப்பதிவுகள் பழைய சர்வரில் ஓர் ஓரமாகக் கிடந்தன.

பிறகு லாயிடுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

சிந்து ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். கழுத்தின் அடியில், முதல் பொத்தானுக்கு மேல், ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான் போய்வந்தது. அவர் போனில் தட்டிக் காட்டினார். என் குரலை இந்த போனில் போட முடியுமா? நான் டைப் பண்றேன், அது பேசட்டும். மோ தனியாகவே சண்டை போடுகிறாள், பாவம்.

சில மாலைநேரங்களின் வேலைதான். "கண்டிப்பா அங்கிள். சைட்டை வேற இடத்துக்கு மாத்தற வேலை ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சதும் முதல் வேலை இதுதான்" என்றாள். அதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாற்றும் வேலை தள்ளிக்கொண்டே போனது. இந்த ஆண்டு மழை தொடங்கியபோது லாயிட் இறந்தார்.

அடக்கம் முடிந்து வந்ததும் மௌரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீ வெட்டி எடுத்ததெல்லாம் வெச்சிருக்க இல்ல? என்னைக் கூப்பிடறது, டீ கேக்கறது. வாசிச்சதெல்லாம் எனக்கு வேணாம். அது மட்டும் போதும்."

"பத்திரமா இருக்கு ஆன்ட்டி."

அன்றைக்கு இருந்தது. தளத்துக்கு இடம் கொடுத்திருந்த பழைய ஹோஸ்டிங் நிறுவனம் சிறிய கணக்குகளை மூடப்போவதாக அறிவித்த பிறகுதான் சிந்து வேலையைத் தொடங்கினாள். புதிய இடம் இலவசம். ஆனால் பெரிய கோப்புகளை ஏற்காது. பக்கங்களை நகர்த்தினாள். குரலை நகர்த்தினாள். ஒலிப்பதிவுகளை வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தளத்தின் முகவரியைப் புதிய இடத்துக்குத் திருப்பினாள். எல்லாம் ஓடியது. குழுவில் எல்லோரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். அந்தச் சந்தோஷத்தில் பழைய கணக்கை ரத்து செய்தாள். அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று கேட்டது. சம்மதித்தாள். பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது.

நிறுவனத்துக்கு எழுதினாள். வருந்துகிறோம் என்று பதில் வந்தது.

நேற்று மௌரீன் போன் செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை லாயிடின் பிறந்தநாள். பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாராம். மதியம் தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கலாம் என்றார்.

"பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு ஆன்ட்டி."

போன் அடித்தது. இளங்கோவன். கிருஷ்ணகிரியில் வங்கி வேலை; பிறவியிலேயே பார்வை இல்லை; செவிவழியில் எது மாறினாலும் முதலில் சோதித்துப் பார்ப்பவன்.

"என்னங்க சிந்து, குரலுக்குப் புதுசா மூச்சு வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்காமயா? நான் மூணு மடங்கு வேகத்துல கேக்கறவன். அந்த வேகத்துல நாய் இளைக்கிற மாதிரி இருக்கு. எடுத்துடுங்க."

"நான் எதையும் மாத்தலையே. அதே ஃபைல்தான்."

"அப்ப புது ஹோஸ்டிங்ல காத்தோட்டம் நல்லா இருக்குபோல." சிரித்தான். "வேகத்தைக் குறைச்சும் கேட்டுப் பார்த்தேங்க. அது மூக்கால விடற மூச்சு இல்ல. வாயாலயும் இல்ல. வேற எங்கேருந்தோ வருது."

அவன் வைத்த பிறகு சிந்து குரல்கோப்பைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டாள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. பழைய பிரதியைத் தன் கணினியிலேயே ஓட்டினாள். சுத்தமாகப் பேசியது. புதிய தளத்தைத் திறந்தாள். மூச்சு வாங்கிவிட்டுப் பேசியது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியே கேட்ட சத்தங்கள் விலகிப் போயின. தன் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் இரைச்சலும், விரலில் ஒட்டியிருந்த வெங்காய வாசனையும், மழைக்கு முன் வரும் ஈரக்காற்றில் கொடியில் அசையும் துணிகளின் நிழலும் மட்டும் மிச்சமிருக்க, அந்த மூச்சு மிகப் பக்கத்தில், கம்பளிக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, மெல்ல ஏறி இறங்கியது. ஈரமான மூச்சு. சளியின் மேல் காற்று உரசிப் போகும் லேசான விசில். நாக்கும் பல்லும் தொடாத மூச்சு.

அவளுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைத்தான் திருப்பியிருந்தாள். காதைத் திருப்பவில்லை.

எந்த ஒலிப்பதிவிலும் அது இருந்திருக்க முடியாது. அந்தக் கோடையில் அவர் கழுத்தில் துளை இல்லை.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். அப்போதே மௌரீனுக்கு போன் செய்து சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். ஆனால் கல்லறையிலிருந்து திரும்பி வரும் அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். போனை வைத்துவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். காலையிலிருந்தே மனதில் இருந்ததைச் செய்யத் தொடங்கினாள்.

தளத்தில் ஒரு பெட்டி உண்டு. எதை எழுதினாலும் லாயிடின் குரல் வாசிக்கும். அதில் எழுதினாள்: மோ, டீ குடு.

அவர் குரல்தானே. அவர் சொன்னதுதானே. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டாள்.

மூச்சு. பிறகு, "மோ. டீ குடு." ரயில் அறிவிப்புபோல இருந்தது. வேகத்தை மாற்றினாள். சுருதியை ஏற்றினாள். பின்னணியில் மின்விசிறி இல்லாத அறையின் நிசப்தத்தைச் சேர்த்தாள். பல தடவை கேட்டபின், அவர்தான் என்று நம்பிவிடலாம்போல இருந்தது. மூச்சு மட்டும் இடித்தது. மௌரீன் கண்டுபிடித்துவிடுவார். ஒலியைத் திரையில் அலையாக விரித்து, மூச்சு இருந்த மேட்டைக் குறித்து, வெட்டினாள். சேமித்தாள். ஓட்டினாள்.

மூச்சு. "மோ. டீ குடு."

அலையைப் பார்த்தாள். அந்த இடத்தில் நேர்க்கோடு. ஓட்டினாள். மூச்சு. நேர்க்கோட்டின் மேல் ஒலி ஓடுவதைக் காட்டும் முள் நகர்ந்துகொண்டிருக்க, காதில் மூச்சு. இந்த முறை நீளமாக.

மறுபடி வெட்டினாள்.

டைல்ஸ் அறுப்பது எப்போது நின்றது என்று தெரியவில்லை. தையல் மெஷினும் நின்றிருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. பெட்டியில் இருந்ததை அழித்தாள். இப்போது பெட்டி காலி. எதையும் அழுத்தவில்லை.

உள்ளே. வெளியே.

உள்ளே.

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது. வெட்டிய கோப்பை லேப்டாப்பில் தனியாக வைத்தாள். அதற்குப் பெயரும் வைத்தாள்: லாயிட் அங்கிள் அசல்.

ஞாயிறு மதியம் ஆட்டோ அல்சூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனது. மௌரீன் வாசலிலேயே நின்றிருந்தார். பூசைக்குக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை. கையில் மெழுகு வாசனை.

"ஊட்டா முதல்ல. மத்ததெல்லாம் அப்புறம்" என்று சாப்பாட்டுத் தட்டை வைத்தார். "என்னம்மா இது, கொக்கு கொத்தற மாதிரி கொத்தற. கறி நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி. தொண்டை சரியில்ல. காலையிலேருந்து கரகரன்னு இருக்கு."

"மழையில சுத்தியிருப்ப." ரசம் ஊற்றினார். "அவர் இருந்தா உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார். குரலைப் பாத்துக்கோ, குரலைப் பாத்துக்கோன்னு உயிரை எடுத்திருப்பார்."

படுக்கையறையில் கம்பளி தொங்கிய ஆணிகள் சுவரில் அப்படியே இருந்தன. கட்டிலில் உட்கார்ந்தார்கள். சிந்து லேப்டாப்பை மடியில் திறந்தாள். மௌரீன் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அசல்தானே? கம்ப்யூட்டர் பேசறது இல்லையே? அதை நான் சைட்லயே கேட்டுட்டேன். அது அவர் இல்ல. யாரோ பாடம் நடத்தற மாதிரி இருக்கு."

"அசல்தான் ஆன்ட்டி."

ஓட்டினாள்.

மூச்சு. சிந்து அடுத்ததற்குக் காத்திருந்தாள். மோ என்று வர வேண்டும். வரவில்லை. மீண்டும் மூச்சு. ஈரமாக, விசிலோடு, நிதானமாக. முள் கோப்பின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. சத்தம் தொடர்ந்தது.

மௌரீன் கண்களை மூடியிருந்தார்.

"இது ஆபரேஷனுக்கு அப்புறம்" என்றார் மெல்ல. "தூங்கும்போது இப்படித்தான் இருக்கும். பக்கத்துல படுத்து எண்ணிட்டே இருப்பேன். நின்னுடுமோன்னு." முகத்தில் ஏதோ இளகியது. "ஆனா நீ ஒரு தடவைதானே வந்த. இதை எப்பம்மா ரெக்கார்டு பண்ண?"

சிந்து லேப்டாப்பை மூடினாள்.

சத்தம் நிற்கவில்லை.

அறையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே. வெளியே. மிகப் பக்கத்தில்.

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இப்போதே. எல்லாம் அழிந்துவிட்டது ஆன்ட்டி, நான்தான் அழித்தேன், இது நான் செய்த பொய். வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்தது. உதடுகள் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வடித்தன.

எதுவும் கேட்கவில்லை.

மறுபடி முயன்றாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. விசில் மட்டும் உயர்ந்தது.

"இரு, இரு. அவசரப்படாத." மௌரீன் கண்ணைத் திறக்கவில்லை. குரல் மாறியிருந்தது, சிந்துவிடம் பேசும் குரல் அல்ல அது. தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துவைத்து மடித்த மல் துணி ஒன்றை எடுத்தார். "சளி கட்டியிருக்கு. துடைச்சு விடறேன். அப்புறம் டைப் பண்ணிச் சொல்லு. எனக்கு என்ன வேலை, நான் இங்கதான் இருக்கேன்."

நகர்ந்து உட்கார்ந்தார். சிந்து பின்னால் சாய்ந்தாள். முதுகில் சுவர்.

மௌரீனின் விரல்கள் அவள் தோளில் பட்டன. தோளிலிருந்து காலருக்கு வந்தன. பார்க்காமலே முதல் பொத்தானைக் கண்டுபிடித்தன. பழகிய கை. பொத்தானைக் கழற்றி, துணியை விலக்கி, ஒரு விரல் மட்டும் மேலேறி, ஓரிடத்தில் நின்றது.

சிந்து உதடுகளை இறுக்க மூடினாள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

விரல் நின்ற இடத்தில் காற்று சில்லென்று உள்ளே போனது.