டீசல் மேல் விழுந்த பழி

அஜந்தா கந்தோருக்குள் ஓடிவந்தபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வினாயகமூர்த்தி மேசைக்கடியில் காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் பெரியகல்லாற்றில் ஒருவருக்கும் ஒன்றும் வராமல் ஓடிவிட வேண்டுமென்று அவர் கும்பிடாத தெய்வமில்லை. தெய்வங்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

"சேர், எங்கட டீசலக் கொல்லப் போறாங்க!" என்றாள் அஜந்தா, மூச்சு வாங்க.

டீசல் என்பது அவளுடைய கணவன் சிவதர்ஷன் கட்டாரிலிருந்து திரும்பிய வருஷம் கொழும்பில் வாங்கிவந்த றொட்வைலர் நாய். கன்றுக்குட்டி அளவு, கரிய உடம்பு. அது குரைத்தால் தெருவில் சைக்கிள் விழும்.

"ஆரு கொல்லப் போறாங்க?"

"ஊராக்கள். பின்னேரம் நாலு மணிக்குள்ள நாயக் குடுக்கச் சொல்லிட்டாங்க. நேத்துக் காலம கண்ணகை அக்காவக் கடிச்சிட்டாம். சத்தியமா அது சங்கிலியிலதான் நிண்டது சேர்."

"ஊசி போட்ட அட்டை இருக்கா?"

"இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் காட்டினம். ஊசி போட்ட நாய்தானே, பதினாலு நாள் நாயப் பார்த்தாக் காணும், அவவுக்கு இப்ப விசர்நாய்க்கடி ஊசி தேவயில்ல எண்டுட்டாங்க."

தைலம் தேய்த்த கை நின்றது. வினாயகமூர்த்தி ஒரு பெருமூச்சு விட்டார். பாயில் சாய்ந்த மனுசனை யாரோ எழுப்பியதுபோல் இருந்தது அந்த மூச்சு.

வாசலில் சாலிஹ் எழுந்துவிட்டார். வயது நாற்பத்தாறு, சொந்த ஓட்டோ. கந்தோர் மோட்டார் சைக்கிள் திருத்தத்துக்குப் போய் எட்டு மாதமாகத் திரும்பாததால் சேருக்குச் சாரதி அவர்தான். துப்பறியும் உத்தியோகத்தையும் தமக்குத்தாமே கொடுத்திருந்தார்.

"கேஸ் வந்திட்டு சேர்!" என்றார், கையைத் தேய்த்துக்கொண்டு. "நாயா, மனுசனா, ஆரு குற்றவாளி?"

"சும்மா இரும் சாலிஹ். இதில விளையாட்டு இல்ல," என்றார் வினாயகமூர்த்தி. "கடிச்சது டீசலெண்டா கண்ணகைக்கு ஒரு பயமும் இல்ல. வேற நாயெண்டா, அந்த நாய்க்கு விசரெண்டா, அவ செத்துப் போவா. விசர் நோய் வெளியில தெரிஞ்சாப் பிறகு உலகத்தில மருந்து கிடையாது. கடிச்சது எந்த நாயெண்டு இண்டைக்கே தெரியோணும்."

சாலிஹ் இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சிவதர்ஷனின் வீட்டு மதில் இடுப்பளவுதான். முற்றத்து ஜாம் மரத்தில் டீசல் கட்டப்பட்டிருந்தது. சங்கிலி எட்டும் தூரத்துக்குப் புல்லே இல்லை. நாள் முழுக்க அதே வட்டத்தில் சுற்றிச் சுற்றி மண் இறுகிப்போயிருந்தது. சிவதர்ஷன் ஒரு கோப்போடு வந்தான்.

"பதிஞ்சிருக்கு, ஊசி போட்டிருக்கு, எல்லாக் கடதாசியும் இருக்கு சேர். வேற என்ன செய்யச் சொல்றீங்க? றொட்வைலர் எண்ட பேரக் கேட்டாலே ஆக்கள் கடிபட்ட மாதிரிக் கத்துறாங்க."

"அவிட்டு விடுறதில்லையா?"

"ஒருநாளும் இல்ல."

பதில் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தது. அஜந்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜாம் மரத்தடியில் ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது. சின்னது, ரோஸ் நிற றப்பர், நாய் கடித்துத் துளைத்தது. வினாயகமூர்த்தி அதை ஒரு குச்சியால் இழுத்தெடுத்துப் பொலித்தீன் பைக்குள் போட்டார். ஓட்டோவுக்குள்ளிருந்து சாலிஹ் அலறினார்.

"சேர், அந்தப் பைய என்ட பக்கம் வெக்க வேணாம்! நாய்ட எச்சில் பட்டா எங்கட மார்க்கப்படி நான் ஏழு தரம் கழுவோணும்."

"நல்ல பழக்கம். இஞ்ச நாய் கடிச்ச இடத்த ஒருதரம் சவுக்காரம் போட்டுக் கழுவ ஆளில்ல," என்றார் வினாயகமூர்த்தி.

கண்ணகையின் வீடு ஐம்பது கஜம் தள்ளி, வாவிக் கரையோடு இருந்தது. புருஷன் வாவியில் வலை போடுகிறவர். இன்று தோணி கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. வருடாந்தச் சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறந்து ஐந்து நாளாகிறது. சடங்கு முடியும்வரை அந்த ஊரில் ஒருவரும் வலை தொடமாட்டார்கள், ஒரு வீட்டிலும் மீன் வேகாது. புருஷன் கோயில் பந்தல் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் கண்ணகை வலது கையில் கட்டோடு இருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் கஜானி, ஒன்பது வயசு, எட்டிப் பார்த்தாள். வேலிக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் தடி பொல்லுகளோடு நின்றார்கள்.

"எப்பிடி நடந்த புள்ள?"

"கோயிலுக்குப் பூத்தட்டு கொண்டு போனன் சேர். அவங்கட மதிலடியில போகக்குள்ள பாய்ஞ்சு கையில கவ்விட்டு. அப்பிடியே திரும்பி ஓடி வந்திட்டன்."

"தட்ட எப்பிடிப் பிடிச்சிருந்தீங்க?"

அவள் இரண்டு கையையும் சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்க ஏந்திக் காட்டினாள். அம்மனுக்குக் கொண்டுபோகிற தட்டை வேறெப்படி ஏந்துவது? அந்தத் தட்டு உள்ளே சுவாமிப் படத்தடியில் இருந்தது. நித்தியகல்யாணிப் பூக்கள் வாடியிருந்தன. ஒன்றும் குலையவில்லை.

வினாயகமூர்த்தி காயத்துக்குக் கட்டு மாற்றுவதாகச் சொல்லிச் சீலையை அவிழ்த்தார். ஆஸ்பத்திரியில் போட்ட மருந்துக்கு மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. அவருக்கு அழுகை வராத குறைதான். சவுக்காரம் வாங்கி, நீர் ஊற்றி ஊற்றி நெடுநேரம் கழுவினார். கழுவியபின் பற்கள் தெரிந்தன. நான்கு விரலுக்கும் குறுக்கே, நுனிப் பக்கமாக, மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி. சட்டைப்பையிலிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்து மேற்குழி இரண்டுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தார்.

பிறகு கொல்லைப் பக்கம் போனார். கவிழ்ந்த தோணியின் நிழலில் ஒரு தகரத் தட்டில் சோறும் பூசணிக்காய்க் கறியும் எறும்பு மொய்த்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர்.

"நாய் வளர்க்கிறீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"இல்ல சேர், எங்களுக்கு நாயில்ல," என்றாள் கண்ணகை.

சாலிஹ் காதருகே வந்து குசுகுசுத்தார். "விளங்கிட்டு சேர். சிவதர்ஷனுக்கு ஆகாத ஆரோ சங்கிலிய அவிட்டு விட்டிருக்கான்."

"ஆரு?"

"அதத்தான் சேர் யோசிக்கிறன்."

"நல்லா யோசியும். அதுக்குள்ள போய்ச் சிவதர்ஷனையும் மனிசியையும் கூட்டிட்டு வாரும்."

அவர்கள் வந்து முற்றத்தில் நின்றார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களும் நெருங்கினார்கள். வினாயகமூர்த்தி ஒரு கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை முற்றம்! பையிலிருந்த செருப்பையும் நெருப்புப்பெட்டியையும் எடுத்து எல்லோருக்கும் தெரியப் பிடித்தார்.

"இது டீசல் கடிச்ச செருப்பு. இந்த ரெண்டு ஓட்டையும் அதுட மேல்வாய்க் கூர்ப்பல்லு. பாருங்க, இடையில நெருப்புப்பெட்டி நீளவாக்கில கிடக்குது. கண்ணகைட விரலில உள்ள குழிக்கு நடுவில அதே பெட்டி அகலவாக்கிலதான் போகுது. அந்தக் கையக் கடிச்சது சின்ன வாய். டீசல் இல்ல."

"சொன்னனே!" சிவதர்ஷன் துள்ளினான். "சும்மா வாய்பேசாச் சீவன் மேல பழிய... இவ ஊருக்கு முன்னால மன்னிப்புக் கேக்கோணும் சேர்!"

"பொறும் தம்பி. இந்தச் செருப்பு ஆருட?"

கஜானி தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"உங்களுக்குப் பிள்ளையில்ல. சங்கிலிய விட்டு ஒருநாளும் அசையாத நாய்ட வாய்க்கு ஒன்பது வயசுப் புள்ளைட செருப்பு நடந்து வந்ததா?"

சிவதர்ஷன் கோப்பைத் திறந்தான், மூடினான். பதில் சொன்னது அஜந்தா.

"நாலு தரம் மதில் பாய்ஞ்சிருக்கு சேர். இரவில அவிட்டு விடுவார், விடிஞ்சாலும் கட்ட மறந்திருவார். போன மாசம் இந்தப் புள்ள பள்ளிக்குப் போகக்குள்ள துரத்தினது. செருப்ப விட்டிட்டு ஓடினவ."

"உன்ன ஆரு கேட்ட?" என்று சீறினான் சிவதர்ஷன்.

"ஆரும் கேக்கல்ல. அதான் இவ்வளவு நாளும் சொல்லல்ல," என்றாள் அஜந்தா.

வினாயகமூர்த்தி கண்ணகையின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது.

"புள்ள, பாய்ஞ்சு வாற நாய் காலக் கவ்வும், முழங்கையக் கவ்வும். விரல் நுனியக் கவ்வாது. ரெண்டு கையாலயும் ஏந்தின தட்டு பூ ஒண்டும் சிந்தாம வீட்டில இருக்கு. உங்கட கை தட்டுப் பிடிச்ச கையில்ல, சோறு நீட்டின கை. துறையில மீன்குடல் தின்னுற நாய்களுக்குச் சடங்குக் கிழமை முழுக்கப் பட்டினி. வருசா வருசம் என்ட புத்தகத்தில நாய்க்கடி கூடுறதும் இந்தக் கிழமதான். இரக்கப்பட்டு ஒரு துறை நாய்க்கு நீங்க சோறு வெச்சிருக்கீங்க. சரியா?"

அவள் தலை குனிந்தாள்.

"அந்தச் சோறு அப்பிடியே கிடக்கு. அது போகட்டும். இந்த வெயிலுக்கு அந்தச் சட்டித் தண்ணியும் அப்பிடியே கிடக்கு. விசர் பிடிச்ச நாய்தான் தண்ணி விழுங்கேலாமத் தவிக்கும். அந்த நாய் தண்ணி குடிச்சதா?"

"முந்தநாள் கிட்ட வந்து பார்த்திட்டுத் திரும்பிட்டு சேர்," என்றாள் கண்ணகை. "மண்ணிற நாய், சாதுவான நாய். நேத்துக் கடிக்கக்குள்ள வாயால வீணீர் வடிஞ்சது. பசியாக்குமெண்டு நினைச்சன். பிறகு வாவிப் பக்கம் போனதுதான்."

வேலிக்கு வெளியே யாரோ "கடவுளே" என்றார்கள். வினாயகமூர்த்தி கையை உயர்த்தினார். "ஆரும் தனிய அந்த நாயத் தேடிப் போகக்கூடாது. நான் ஆக்களக் கூட்டிவந்து பிடிப்பன். புள்ளைகள வீட்டுக்குள்ள எடுங்க." பொல்லுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

"ஏன் புள்ள பொய் சொன்னீங்க? இந்தப் பொய்யில நீங்க செத்திருப்பீங்களே!" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

கண்ணகை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீரில்லை.

"அந்தத் துறை நாய்க்கு விசரெண்டு எனக்குத் தெரியாது சேர். ஆனா இவங்கட நாய் ஒருநாளைக்கு என்ட புள்ளையக் கொல்லுமெண்டு தெரியும். மூண்டு கடிதம் போட்டன். உங்கட கந்தோருக்குத்தான். ஒண்டுக்கும் ஆரும் வரல்ல. நேத்து ஒரு பொய் சொன்னன். இண்டைக்கு ஊரே வந்து நிக்குது."

வினாயகமூர்த்தி கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்று கடிதமும் அவருக்கு ஞாபகம் வந்தது. 'நாய் பதிவு செய்யப்பட்டது, தடுப்பூசி ஏற்றப்பட்டது' என்று ஓரத்தில் எழுதிக் கோப்பில் போட்டவர் அவர்தான். சாலிஹ் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழும்புங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். நேரம் இருக்கு," என்றார் கடைசியில்.

"நான் வரல்ல."

"என்ன பேய்க்கதை இது?"

"நான் அங்க படுத்துக் கிடக்கக்குள்ள இந்தப் புள்ள அந்த மதிலடியாலதானே பள்ளிக்குப் போகோணும்? அதுக்கு வழி சொல்லுங்க, வாறன்."

சிவதர்ஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அஜந்தா அவன் கையிலிருந்த கோப்பைப் பறித்தாள்.

"மதில ஆளுயரத்துக்குக் கட்டுவம். அதுவரைக்கும் டீசல் பின் அறைக்குள்ள, கதவு பூட்டித்தான். திறப்பு என்ட கையில. கஜானிய நான் கூட்டிக்கொண்டு போய் விடுறன், அக்கா. இனிமே நான் வாய் மூடி இருக்கமாட்டன்."

வினாயகமூர்த்தி பையிலிருந்து அறிவித்தல் புத்தகத்தை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினார். பதினான்கு நாளுக்குள் மதில் உயர வேண்டும், தெருவுக்கு வந்தால் வாய்க்கட்டும் கயிறும் வேண்டும், தவறினால் நீதிமன்றம். சிவதர்ஷனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். அவன் போட்டான். போடாமல் என்ன செய்வான், ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. பிரதியைக் கிழித்துக் கண்ணகையின் நல்ல கையில் கொடுத்தார்.

அவள் எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தாள். வாசித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தபின்தான் கேட்டாள்.

"இது ஒரு பக்கம்தானே சேர். முதல் கடிதத்துக்கே எழுதியிருக்கலாமே?"

"ஓம்," என்றார் வினாயகமூர்த்தி. சாலிஹ் வண்டியைக் கிளப்பினார்.