பெயரில்லாத சத்தம்

அந்தச் சத்தத்துக்கு மட்டும் பேச்சியம்மாவிடம் பெயர் இல்லை.

மற்றதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தாய்மார் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் ஆயம்மா அவள். வீரம்மா மகன் வீலென்று கத்துவான், அழகம்மா பேத்தி நைநையென்று சிணுங்கும், மீனம்மாவின் பெண் பசித்தால் கீச்சுக் கீச்சென்னும். தொட்டில் கொக்கி கிறீச்சிடுவதையும் தகரக் கூரையை மரக்கிளை பிறாண்டுவதையும் தூக்கத்தில் கேட்டால்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவாள். இது அதெல்லாம் இல்லை. பீங்கான் கோப்பையின்மேல் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மெல்ல இழுத்ததுபோல மெலிந்து, நீண்டு, நேரே பல்லில் போய்க் கூசியது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

"எந்த மூதேவி அது?" என்று கத்தினாள்.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் ஏழெட்டு வருஷமாகியும் இந்தத் தோட்டத்துக்கு இன்னும் வெள்ளைக்கார துரைதான். பிள்ளைகளின் பால்மாவுக்காக அவரிடமே மல்லுக்கு நின்றவள் ஒரு சத்தத்துக்கா பயப்படுவாள்? பயந்தாள். ஆனால் அதைக் காட்டிக்கொள்வதாக இல்லை.

தாய்மார் வந்து பால் கொடுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒருத்தி வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள். மழைக்காலத்தில் எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் வருவார்கள். பேச்சியம்மா முகம் பார்ப்பதில்லை. குரலைக் கேட்டுக் குழந்தையைக் கொடுத்துவிடுவாள்.

"மீனம்மாவா? ஏண்டி இன்னைக்கி வெள்ளனையே வந்துட்ட?"

"பசிக்குது அக்கா."

மீனம்மாவின் குரல்தான். குழந்தையை வாங்கியவள் மூலை பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கம்பளியால் இருவரையும் மூடிக்கொண்டாள். வெளியே சத்தம் நின்றுவிட்டது. அது எதுவானாலும் வெளியிலேயே கிடக்கட்டும் என்று பேச்சியம்மா கதவைத் தாழிட்டாள். ஈரக் கம்பளியின் நாற்றம் அறையெல்லாம் பரவியது.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, தெறங்க. மீனம்மா வந்திருக்கேன்."

பேச்சியம்மா கதவைத் திறக்கவில்லை. "மீனம்மா உள்ள இருக்கா. நீ யாருடி? போ!"

"என்னக்கா சொல்றீங்க? மலையில வேல வாங்குற கண்டாக்கையா இப்பத்தான் எங்கள விட்டாரு. எம்புள்ளயக் குடுங்க."

"பேயே, ஓடிப்போயிரு! என் உசிரு இருக்கிற வரைக்கும் இங்கருந்து ஒரு புள்ளயும் உன் கைக்கு வராது!"

சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்தது. தாழ்ப்பாளை முதுகால் அழுத்திக்கொண்டாள். வெளியே காலடிகள் ஓடின. ஜன்னல் கண்ணாடியில் ஒரு முகம் வந்து அப்பியது. மீனம்மா. அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய சட்டையின் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பிள்ளைக்குப் பசிக்கிற நேரத்தில் தானாகச் சுரக்கிற பால். அதைப் பேயால் செய்துகாட்ட முடியாது என்று பேச்சியம்மாவுக்குத் தெரியும்.

மெல்ல மூலையைப் பார்த்தாள்.

குழந்தை பால் விழுங்குகிற சப்தமில்லை. மூச்சில்லை. மற்ற தொட்டில்களிலும் ஒரு சிணுங்கல் இல்லை.

பிறகு அது தொடங்கியது. மெலிதாக. நீளமாக. அறைக்குள்ளேயே.

ஓடலாம். கதவு முதுகில்தான் இருந்தது. தான் கையில் எடுத்துக் கொடுத்த பிள்ளை. தன் தப்பு. பேச்சியம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. பால் காய்ச்சும் அடுப்பிலிருந்து எரியும் கட்டையை உருவிக்கொண்டு பெஞ்சை நோக்கி நடந்தாள்.

"குடுடி அத."

கம்பளியைப் பிடித்து இழுத்தாள். அது வழுக்கி விழுந்தது. மீனம்மாவின் முகம் திரும்பிச் சிரித்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

மார்பிலிருந்து வந்தது.

குழந்தை பால் குடிக்கவில்லை. மார்பு குழந்தையைக் குடித்துக்கொண்டிருந்தது. தலை போய்விட்டது. தோளும் போய்க்கொண்டிருந்தது.

பேச்சியம்மா கட்டையைப் போட்டுவிட்டு இரண்டு பிஞ்சுக் கால்களையும் பிடித்துக்கொண்டாள். அவை இன்னும் சூடாக இருந்தன. இன்னும் உதைத்தன.

"விட மாட்டேன்டி," என்றாள்.

அந்தப் பக்கமும் விடவில்லை.